சத்தம் போட்டுப் படிப்பதா? மனத்துக்குள் படிப்பதா?

சாயங்காலம் ஆறரை மணி. விளக்குப் போட்டாகிவிட்டது. இரண்டாம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தி, தமிழ்ப் புத்தகத்தை விரித்துக்கொண்டு கூடத்தில் உட்காருகிறாள். தொண்டை கிழியப் படிக்கிறாள்.

அவளுடைய அப்பாவுக்கு அன்று இரவு ஷிப்ட். ஒன்பது மணிக்கு ஆலைக்குப் போக வேண்டும். அதற்குள் சற்றுக் கண்ணயரலாம் என்று படுத்திருக்கிறார்.

"ஏம்மா, மனசுக்குள்ளே படிக்கக் கூடாதா?" என்கிறார்.

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுக்கிறாள்: "சத்தம் போட்டுப் படிச்சால்தானே அவ படிக்கிறாளா, பராக்குப் பார்க்கிறாளான்னு எனக்குத் தெரியும்? நீங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க."

ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான் வீடு. வேறு இடம் பார்த்துப் படுக்க வழியில்லை. கடைசியில் அப்பாவின் கட்சிதான் ஜெயித்தது. அன்று முதல் சிறுமி வாயை மூடிக்கொண்டு படித்தாள். வீடு அமைதியாக இருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஏழெட்டு மாதம் சென்றது. சிறுமி மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஒரு நாள் உறவினர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தது. "எங்கே, படி பார்க்கலாம்" என்று அப்பா ஆசையோடு மகளிடம் கொடுத்தார்.

முதல் இரண்டு சொல்லைப் படித்தாள். மூன்றாவது சொல்லில் நின்றாள். பிறகு முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு சொல்லை ஊகித்துச் சொன்னாள். அதற்கு அடுத்த சொல்லை விழுங்கிவிட்டாள்.

அப்பாவின் முகம் மாறிவிட்டது. "தினமும் ஒரு மணி நேரம் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்!" என்றார்.

உண்மைதான். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். படித்துக்கொண்டு இருக்கவில்லை. அந்த வித்தியாசம் அவளுக்கே தெரியாது. வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்த விஷயம் இது. ஆனால் இந்த வழக்கு ஒரு வீட்டு வழக்கு அல்ல. குழந்தை சத்தம் போட்டுப் படிக்க வேண்டுமா, மனத்துக்குள் படிக்க வேண்டுமா என்று பல வீடுகளில் இன்றும் வாதம் நடக்கிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். படிக்கக் கற்றுக்கொள்ளும் வயதில் சத்தம் வேண்டும். கற்றுக்கொண்ட பிறகு மௌனம் தானாகவே வரும். வருவதற்கு முன்னால் சத்தத்தை நிறுத்துவதும் தவறு. வந்த பிறகு "உரக்கப் படி" என்று வற்புறுத்துவதும் தவறு.

ஏன் என்று பார்ப்போம்.

திண்ணைப் பள்ளிக்கூடம்

நம் முன்னோர் படித்தது சத்தமான படிப்பு. திண்ணைப் பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று யாரையும் விசாரிக்க வேண்டியது இல்லை. காதைத் தீட்டிக்கொண்டால் போதும்.

பிள்ளைகள் மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதுவார்கள். எழுதும்போதே அந்த எழுத்தை உரக்கச் சொல்வார்கள். கண் பார்க்கும், விரல் எழுதும், வாய் சொல்லும், காது கேட்கும். நான்கும் ஒரே சமயத்தில் வேலை செய்யும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி எல்லாம் இப்படி வாய்ப்பாடமாகத்தான் ஏறின. பெரிய பையன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து, சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பான்.

இந்த வழக்கம் கடல் தாண்டியும் போயிற்று. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரப் பாதிரியார், 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் விடுதிப் பள்ளிக்குத் தலைவரானார். நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். அதையே தம் பள்ளியிலும் செய்தார். படிக்கத் தெரிந்த பையன், தெரியாத பையனுக்குச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். ஊருக்குத் திரும்பியதும், 1797-ல் லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு "மதராஸ் முறை" என்றே பெயர் வந்தது. அவர் விட்டுச் சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தில் உண்டான பள்ளிக்கு இன்றும் "மதராஸ் காலேஜ்" என்றுதான் பெயர்!

ஆனால் திண்ணைப் பள்ளியில் ஒரு குறையும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வாய் அசையாமல் படித்த பெரியவர்

மௌனமாகப் படிப்பது இன்று நமக்குச் சர்வ சாதாரணம். பஸ்ஸில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படித்தால்தான் திரும்பிப் பார்ப்போம். ஒரு காலத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது.

சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன்பு, இத்தாலியில் மிலான் நகரில் அம்புரோஸ் என்ற கிறிஸ்தவ குரு இருந்தார். அவர் படிக்கும்போது கண் மட்டும் ஏட்டில் ஓடுமாம். வாயிலிருந்து சத்தமே வராதாம். அவரைப் பார்க்கப் போன அகஸ்டின் என்ற அறிஞர், இதைத் தம் வாழ்க்கைச் சரித்திரத்தில் தனியாகக் குறிப்பிட்டு, ஏன் இவர் இப்படிப் படிக்கிறார் என்று காரணமும் யோசித்து எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் மௌனமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் வேறு சிலரும் இருந்திருக்கிறார்கள். என்றாலும், அது எழுதி வைக்கத் தக்க விஷயமாக அகஸ்டினுக்குத் தோன்றியது.

மனித சமுதாயமே வாய்விட்டுப் படித்துத்தான் பிறகு மெல்ல மெல்ல மௌனத்துக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு குழந்தையும் அதே பாதையில்தான் நடக்கிறது.

நேர்மாறாகச் செய்து பார்த்தார்கள்

சத்தம் போடுவது நேரத்தை வீணாக்குகிறது என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை.

நாம் படிக்கும்போது கண் வரியில் வழுக்கிக்கொண்டு ஓடுவதில்லை. தத்தித் தத்திப் போகிறது. ஓர் இடத்தில் நிற்கும், பிறகு தாவும், மறுபடி நிற்கும். பிரான்ஸ் தேசத்துக் கண் டாக்டர் எமில் ழவால் இதைப் பற்றி 1879-ல் எழுதினார். கண் முன்னால் தாவிக்கொண்டே இருக்கிறது. வாய் பின்னால் வருகிறது. ஆகவே வாய்விட்டுப் படித்தால் வேகம் குறையும்.

எவ்வளவு குறையும்? ஆங்கிலம் படிக்கும் பெரியவர்களைப் பற்றிய பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து, பெல்ஜியம் நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் 2019-ல் கணக்குச் சொன்னார். மௌனமாகப் படித்தால் நிமிஷத்துக்குச் சராசரி 238 சொல். வாய்விட்டுப் படித்தால் 183 சொல். (தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆகவே இந்தக் கணக்கை அப்படியே தமிழுக்குப் பொருத்தக் கூடாது.)

இப்படிப்பட்ட காரணங்களால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பள்ளிகளில் மௌனப் படிப்புக்கு மவுசு ஏற்பட்டது. 1930-களில் சிகாகோ நகரப் பள்ளிகளில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தொடக்கத்திலிருந்தே குழந்தைகள் வாய்விட்டுப் படிக்கக் கூடாது. எழுத்தைப் பார்த்ததும் ஒலியை நினைக்காமல், நேரே பொருளை நினைக்க வேண்டும் என்று ஒரு முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த முறை நிலைக்கவில்லை.

2000-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு நிபுணர் குழு, படிப்பு பற்றிய ஆராய்ச்சிகளை எல்லாம் அலசி அறிக்கை கொடுத்தது. குழந்தை வாய்விட்டுப் படிக்க, பெரியவர் பக்கத்தில் இருந்து கேட்டுத் திருத்தி, அதே பகுதியைத் திரும்பவும் படிக்க வைத்தால், தடங்கல் இல்லாத படிப்பும், பொருள் விளங்குவதும் வளர்கின்றன என்று அந்தக் குழு சொன்னது. "நீயாக மௌனமாகப் படித்துக்கொள்" என்று விட்டுவிட்டால் படிப்பு வளரும் என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் சொன்னது.

கவனியுங்கள். மௌனமாகப் படிப்பது கெடுதல் என்று குழு சொல்லவில்லை. பக்கத்தில் கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் சாரம்.

காது வழியாகத்தான் கதவு

பள்ளிக்கூடத்துக்கு வரும் குழந்தைக்கு "பூனை" என்றால் என்ன என்று தெரியும். பூனையைப் பார்த்திருக்கிறது. பாலைக் குடித்துவிட்டு ஓடியதும் தெரியும். "பூனை" என்ற ஒலியும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று: காகிதத்தில் இருக்கும் இரண்டு எழுத்தும் அந்த ஒலியும் ஒன்று என்பது.

"பூ... னை..." என்று குழந்தை சத்தமாகச் சொல்கிறது. தன் குரல் தன் காதிலேயே விழுகிறது. "அட, பூனை!" என்று முகம் மலர்கிறது. எழுத்து ஒலியாகி, ஒலி பொருளாகிறது. குரல்தான் இந்த இரண்டு கரைக்கும் பாலம்.

ரஷ்ய அறிஞர் வைகாட்ஸ்கி குழந்தைகளின் பேச்சைப் பற்றி ஆராய்ந்தவர். 1934-ல் காலமானவர். சின்னக் குழந்தை விளையாடும்போது தனக்குத்தானே பேசிக்கொள்ளும் அல்லவா? "இதை இங்கே வைக்கணும்... இது விழுந்திடும்..." என்று சொல்லிக்கொண்டே அடுக்கும். வயது ஏற ஏற, அந்தப் பேச்சு அடங்கி உள்ளே போய்விடுகிறது. அதுவே சிந்தனையாகிறது என்றார் அவர். படிப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். முதலில் உரத்த குரல். பிறகு முணுமுணுப்பு. பிறகு உதடு மட்டும் அசையும். கடைசியில் அதுவும் நிற்கும்.

வாய்விட்டுப் படிப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். மௌனமாகப் படித்த சொற்களைவிட, வாய்விட்டுப் படித்த சொற்கள் அதிகமாக நினைவில் நின்றன. இது பெரியவர்களை வைத்துச் செய்த சோதனை. நம் பாட்டிமார்கள் இதற்கு எந்தச் சோதனையும் செய்யவில்லை. ஆனாலும் "வாய்விட்டுச் சொல்லு, மனசிலே நிக்கும்" என்று சொல்லி வந்தார்கள்.

தமிழுக்குக் குரல் கூடுதலாக வேண்டும்

தமிழ் எழுத்து 247. கற்றுக்கொள்வது சுலபம் என்று நினைக்கிறோம். ஆனால் குழந்தைக்கு அதில் சில முடிச்சுகள் உண்டு. குரல் இல்லாமல் அந்த முடிச்சுகள் அவிழா.

முதல் முடிச்சு: ஒரே எழுத்துக்குப் பல ஒலி. "கல்", "பங்கு", "அகலம்" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் ககர எழுத்துத்தான். ஒலி மூன்று விதம். "பல்" என்பதில் வரும் பகரமும், "கம்பு" என்பதில் வரும் பகரமும் ஒன்றாகவா ஒலிக்கின்றன? எந்த இடத்தில் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை யாரும் விதி சொல்லிக் கொடுத்துக் குழந்தைக்கு வருவதில்லை. சொல்லிச் சொல்லி, திருத்தத் திருத்த, தானாக வருகிறது.

இரண்டாம் முடிச்சு: ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிக்கும் எழுத்துகள். பள்ளிக்குப் போகிறவனுக்கும் பல்லிக்கும் சம்பந்தம் இல்லை. மனம் வேறு, மணம் வேறு. அரைப்பது வேறு, அறைவது வேறு. வலி, வழி, வளி மூன்றும் மூன்று. வாழைப்பழத்தை "வாளைப்பளம்" என்று சொல்லும் குழந்தை மௌனமாகப் படித்தால், அந்தத் தவறு யாருக்கும் தெரியாது. பரீட்சையில் எழுதும்போதுதான் வெளியே வரும்.

மூன்றாம் முடிச்சு: நாம் பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது ஒன்று. வீட்டில் "போயிட்டாங்க" என்கிறோம். புத்தகத்தில் "போய்விட்டார்கள்" என்று இருக்கிறது. எழுத்துத் தமிழ் குழந்தையின் காதுக்குப் புதிது. நாலு தடவை வாய்விட்டுப் படித்தால்தான் காது பழகும்.

நான்காம் முடிச்சு: நீளம். "படித்துக்கொண்டிருந்தார்கள்" என்பது ஒரே சொல். எண்ணிப் பாருங்கள், 14 எழுத்து! கண்ணால் மட்டும் பார்க்கும் குழந்தை மிரண்டுபோகும். "படித்து... கொண்டு... இருந்தார்கள்" என்று குரலால் உடைத்துக் கொடுத்தால் தைரியம் வரும்.

கல்யாணப் பத்திரிகையில் நம் சிறுமி தடுமாறியது இப்படிப்பட்ட இடங்களில்தான். மாதக்கணக்கில் அவள் இந்த முடிச்சுகளைத் தாண்டிக் குதித்துக்கொண்டு போயிருக்கிறாள். கேட்க ஆள் இல்லை.

கிளிப்பிள்ளையும் உண்டு!

"அப்படியானால் என் பையனுக்குக் கவலை இல்லை. அவன் போடுகிற சத்தத்தில் தெருவே அதிருகிறது" என்று சிலர் நினைக்கலாம். அவசரப்பட வேண்டாம்.

திண்ணைப் பள்ளியின் குறை என்று சொன்னேனே, அது இதுதான். ஒருவன் சொல்வான், இருபது பேர் பின்னால் சொல்வார்கள். அந்த இருபது பேரில் எத்தனை பேர் எழுத்தைப் பார்த்தார்கள் என்பது யாருக்குத் தெரியும்? கேட்டுக் கேட்டே பாடம் மனப்பாடம் ஆகிவிடும். புத்தகம் வேறு பக்கத்தில் திறந்திருந்தாலும் பையன் தட்டில்லாமல் ஒப்பிப்பான்!

உங்கள் குழந்தை படிக்கிறதா, ஒப்பிக்கிறதா? கண்டுபிடிக்கச் சுலபமான வழிகள் இருக்கின்றன.

பாடத்தின் நடுவே ஒரு சொல்லில் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேளுங்கள்.

கடைசி வரியை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.

பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கொடுங்கள். மளிகைப் பட்டியல், பஸ் பலகை, தீப்பெட்டி மேல் இருக்கும் எழுத்து, எதுவானாலும் சரி.

படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "என்ன நடந்தது, உன் வார்த்தையில் சொல்லு" என்று கேளுங்கள்.

இவற்றுக்குப் பதில் வராவிட்டால், அந்தச் சத்தம் வெறும் சத்தம்தான். குழந்தையைத் திட்ட வேண்டாம். ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்துக்கொண்டு, மெதுவாகப் படிக்கப் பழக்குங்கள்.

குழந்தைக்குப் படிக்கத் தெரியுமா என்று அறிய விரும்புகிறவர்களும் தனித்தனியாகத்தான் கேட்கிறார்கள். "பிரதம்" என்ற தொண்டு நிறுவனம் 2005-ல் நாடு முழுவதும் கிராமங்களில் வீடு வீடாகப் போய் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கியது. குழந்தையிடம் ஒரு தாளைக் கொடுப்பார்கள். அதில் சில எழுத்துகள், சில சொற்கள், முதல் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை இருக்கும். குழந்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பில் இருந்தும் அந்தக் கதையைப் படிக்க முடியாத பிள்ளைகள் ஏராளம் என்று அந்தக் கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்பக் காட்டின.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் சின்னக் குழந்தைகளின் படிப்பில் விழுந்த இடைவெளியை அடைக்க, தமிழ்நாட்டு அரசு 2022-ல் "எண்ணும் எழுத்தும்" திட்டத்தைத் தொடங்கியது. 8 வயதுக்குள் குழந்தை பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த வயதில் வழுக்கினால், பிறகு எல்லாப் பாடமும் வழுக்கும். கணக்குப் புத்தகத்தையும் படித்துத்தானே போட வேண்டும்?

மௌனம் எப்போது வரும்?

குழந்தை தட்டுத் தடுமாறாமல் படிக்கத் தொடங்கியதும், அதன் குரல் தானாகத் தணியும். நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. பலருக்கு மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பில் இது நடக்கும். சிலருக்கு முன்னே, சிலருக்குப் பின்னே. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட வேண்டாம்.

நடுவில் முணுமுணுக்கும் காலம் ஒன்று வரும். உதடு அசையும், வார்த்தை கேட்காது. "என்ன மந்திரமா சொல்கிறாய்?" என்று கேலி செய்யாதீர்கள். அது பாலத்தின் நடுவில் நடந்துகொண்டிருக்கிறது. பெரியவர்களே கஷ்டமான பத்திரத்தைப் படிக்கும்போது உதட்டை அசைப்பது உண்டே!

பாலத்தைத் தாண்டிய பிள்ளையைத் திரும்பக் கூப்பிடவும் கூடாது. ஐந்தாம் வகுப்புப் பையன் கதைப் புத்தகத்தில் மூழ்கியிருக்கிறான். "சத்தமே காணோமே, படிக்கிறாயா தூங்குகிறாயா?" என்று அதட்டினால் அவன் வேகமும் போகும், ரசனையும் போகும். அவனுக்கு மௌனம்தான் நல்லது. படித்ததைப் பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் வந்தால் போதும். செய்யுள், நாடகம், மேடைப் பேச்சு ஆகியவற்றை மட்டும் எந்த வயதிலும் வாய்விட்டுப் படிக்கலாம். அவை காதுக்காக எழுதப்பட்டவை.

சில குழந்தைகளிடம் தனிக் கவனம் வேண்டும். திக்கிப் பேசும் குழந்தையைப் பலர் முன்னால் தனியாகப் படிக்கச் சொல்லிக் கூச வைக்காதீர்கள். நீங்களும் சேர்ந்து ஒரே குரலாகப் படித்தால், அநேகமாகத் திக்கல் குறையும். புத்தகத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோகும் குழந்தைக்குக் கண் பரிசோதனை தேவை. கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காதைச் சோதிக்க வேண்டும். நன்றாகப் பேசுகிறது, புத்தியும் இருக்கிறது, எவ்வளவு பழக்கியும் எழுத்து மட்டும் பிடிபடவில்லை என்றால், அது சோம்பல் அல்ல. ஆசிரியரிடமும் டாக்டரிடமும் சொல்லி யோசனை கேளுங்கள்.

பதினைந்து நிமிஷம் போதும்

"எங்களுக்கு ஏது நேரம்?" என்கிறீர்களா? ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம் கிடைக்காதா?

குழந்தையை எட்டத்தில் உட்கார வைத்துக் கத்தச் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார வையுங்கள். பேசுகிற அளவு குரல் போதும். தெருவுக்குக் கேட்க வேண்டாம். உங்கள் காதுக்குக் கேட்டால் சரி.

முதலில் நீங்கள் நாலு வரி படித்துக் காட்டுங்கள். பிறகு குழந்தை அதையே படிக்கட்டும். ஒரு சொல்லில் நின்றால் உடனே பாய்ந்து சொல்லாதீர்கள். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அதற்குள் வராவிட்டால் சொல்லிக் கொடுங்கள். அந்த நாலு வரியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் தடவை சுலபமாக வரும். குழந்தைக்கே சந்தோஷமாக இருக்கும்.

"எனக்கே படிக்கத் தெரியாதே" என்று யாரும் ஒதுங்க வேண்டாம். கேட்கத் தெரியும் அல்லவா? "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கத் தெரியும் அல்லவா? கதை முன்னுக்குப் பின் முரணாக வந்தால், "இரு, இரு, திரும்பப் படி" என்று சொல்லலாம். குழந்தைக்கு வேண்டியது கேட்கும் காது.

வளர்ந்த பிறகு எழுத்துக் கற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் முணுமுணுத்துக்கொண்டு படிப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டு வளர்ந்த ஊர் இது.

பாட்டி கொடுத்த யோசனை

அந்தச் சிறுமியின் வீட்டுக்குத் திரும்பிப் போவோம்.

அந்த வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் பார்க்காதவர். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் மும்முரமாக நடந்தது. பெண்கள் சாயங்காலத்தில் கூடி எழுத்துக் கற்றார்கள். சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். அப்போது எழுத்துக் கூட்டக் கற்றவர் அவர். இன்றும் பத்திரிகைத் தலைப்பை வாய்விட்டுத்தான் படிப்பார்.

கல்யாணப் பத்திரிகை விஷயத்தில் மகன் கோபப்பட்டபோது அவர் சொன்னார்: "ஏன்டா குழந்தையைக் கோவிக்கிறே? நீ தூங்கணும்னு அவ வாயை அடைச்சே. எனக்கு நாப்பது வயசிலே எழுத்து வந்ததே, வாய் திறந்துதானே வந்தது? வாசல்படியிலே நானும் அவளும் உட்கார்ந்துக்கிறோம். நீ உள்ளே தூங்கு."

அதுவே ஏற்பாடாயிற்று. தினமும் வாசல்படியில் பாட்டியும் பேத்தியும். பேத்தி ஒரு வரி. பாட்டி ஒரு வரி. பாட்டிக்குத் தெரியாத சொல்லைப் பேத்தி சொன்னாள். பேத்தி "பளம்" என்றபோது பாட்டி திருத்தினார். அப்பாவும் ஷிப்ட் இல்லாத நாளில் படியில் வந்து உட்கார்ந்துகொண்டார். அம்மா சமையலறையிலிருந்தே, "அந்த நரி அப்புறம் என்ன பண்ணிச்சு?" என்று கேட்பாள்.

ஆறேழு மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் சத்தமே இல்லை. அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எழுந்து போய் வாசலை எட்டிப் பார்த்தார்.

பத்திரிகையின் சிறுவர் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு சிறுமி உட்கார்ந்திருந்தாள். வாய் மூடியிருந்தது. கண் மட்டும் வரி வரியாகப் போய்க்கொண்டிருந்தது.

"என்னம்மா, படிக்கலையா?" என்று கேட்க அப்பா வாயெடுத்தார்.

அதற்குள் அவள் "களுக்" என்று சிரித்துவிட்டாள். அந்தப் பக்கத்தில் ஒரு சிரிப்புக் கதை இருந்தது.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் செய்யாமல் உள்ளே திரும்பிப் போனார்.